தயிர்க்காரர் வீட்டில் தயிர் தொடாத மாதங்கள்

அந்தப் புதன்கிழமை டொக்டரின் அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் கணவர் இஸ்மாயில், அவர் ராத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி ரஹ்மத்தும்மா, என் மகள் ஷிபானா, புற்றுநோய் டொக்டர், கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த பவானி என்ற தாதி. ரஹ்மத்தும்மா எனக்கு மதினி. மதினியின் காலோடு ஒட்டிக் கதிரைக்குக் கீழே ஒரு சட்டி எருமைத் தயிர் இருந்தது. டொக்டருக்கென்று கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் ஆரிடமும் ஒரு காரியமாகப் போனால் வெறுங்கையோடு போக மாட்டோம். அதிலும் தயிர்க்காரர் வீட்டு ஆட்கள் வேறு எதைக் கொண்டுபோவது?

"என்ன தொழில் செய்யிறீங்க?" என்று டொக்டர் என் கணவரிடம் கேட்டார்.

"தயிர் டொக்டர். சொந்தப் பட்டி. எருமைதான் எல்லாம்."

இதுதான் நேரம் என்று மதினி சட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். "உங்களுக்குத்தான் டொக்டர். ராவு உறைஞ்சது. கவுத்தாலும் விழாது."

டொக்டர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "நல்ல காலம் கொண்டுவந்தீங்க. இல்லாட்டி நான் கேக்க மறந்திருப்பன். அம்மா, இண்டைக்குத் தொடங்கி ஆறு மருந்தும் ஏறி முடியிற வரைக்கும் நீங்க தயிர் தொடக்கூடாது."

"தயிர் குளிர் எண்டதாலயா டொக்டர்?" என்றார் மதினி.

"குளிர் இல்ல அக்கா. தயிருக்குள்ள கோடிக்கணக்கில உயிருள்ள கிருமி இருக்கு. நல்ல கிருமிதான். ஆனா இந்த மருந்து ஏறினா அம்மாட இரத்தத்தில வெள்ளணு குறையும். வெள்ளணு குறைஞ்ச நேரத்தில நல்லது கெட்டது எண்டு பாக்க ஏலாது. எல்லா டொக்டரும் இப்பிடிக் கண்டிப்பாச் சொல்ல மாட்டாங்க. நான் சொல்லுவன்."

என் கணவரின் முகம் சுருங்கிப்போனது. "எங்கட தயிர் சுத்தம் டொக்டர். சட்டிகூட அவிச்சுத்தான் எடுக்கிற."

"உங்கட தயிர் நல்ல தயிர் எண்டதாலதான் சொல்லுறன். நல்ல தயிர்ல உயிர் கூட இருக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டு அந்தச் சட்டியைப் பத்திரமாக எடுத்து அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் மதினி சொன்னார்: "கண்டியா, உன்னத் தின்ன வேணாம் எண்டு சொல்லிப் போட்டு தான் கொண்டு போறா."

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எனக்கு விளங்கிய மாதிரித்தான் எழுதுகிறேன். இந்த வருத்தம், இந்த நோய் வந்த வேறு பெண்களும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டியை நான் கண்டது குளிக்கும்போது. இடது பக்க மார்பில், ஒரு கச்சான் கடலை அளவு. நோகவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். தலையிடித்தால் மூளையில் ஏதோ என்று நினைப்பேன், பிள்ளை வரப் பிந்தினால் றோட்டில் ஏதோ என்று நினைப்பேன். வீட்டில் எல்லாருக்கும் அது பகிடி. அந்தப் பயம் அன்று என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயொப்சி. அது தடித்த ஊசி ஒன்றால் கட்டிக்குள் இருந்து துளிச் சதை எடுத்துப் பார்ப்பது. ஊசி போகும்போது படக் என்று ஒரு சத்தம் வரும். நோவைவிட அந்தச் சத்தம்தான் பயம். முடிவு வரும் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு எடுக்கப் போன காலையில் காத்திருக்கும் வாங்கில் என் பக்கத்தில் மாங்கேணியிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். புருசன் கடலுக்குப் போகிறவர். அவருக்கும் அதே வருத்தம், எனக்கு ஒரு மாதம் முந்தி.

"என்ன புள்ள, காலாட்டிக்கொண்டே இரிக்காய்?" என்று கேட்டார்.

"பயமா இரிக்கு அக்கா."

"பயந்தா கட்டி சின்னனாகுமா? ஆகுமெண்டாச் சொல்லு, நானும் பயப்பிடுறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

முடிவில் புற்றுநோய் என்றிருந்தது. மார்பை எடுத்தார்கள். காயம் ஆறியதும் மருந்து ஏற்ற வேண்டும், மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஆறு தடவை என்றார்கள். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு நாள் முந்தி இரத்தம் பார்ப்பார்கள். வெள்ளணு ஒரு அளவுக்குமேல் இருந்தால்தான் மருந்து. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிந்தப் பிந்த, தப்பி ஒளிந்திருக்கும் நோய் தலைதூக்க இடமுண்டு. அதனால் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்த எண்ணிக்கையைக் கீழே விழவிடாமல் ஆறையும் முடிப்பது.

வீட்டில் மதினி முதல் நாளே ஒரு முடிவு எடுத்தார். "வெளியில சீனி வருத்தம் எண்டு சொல்லுவம். ஷிபானாக்கு மாப்பிள்ளை பேசுற நேரம். அந்த வருத்தத்தின்ட பேரச் சொன்னா ஆரு வருவாங்க?" எங்கள் ஊரில் அந்தப் பெயரை ஆரும் வாயால் சொல்வதில்லை. ஓட்டமாவடிப் பக்கத்தில் எத்தனை வீட்டில் சீனி, எத்தனை வீட்டில் மற்றது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நாங்களும் சீனி, அதாவது நீரிழிவு, என்று சொன்னோம். சீனிக்கு எதற்கு முடி கொட்டுகிறது என்று ஆரும் கேட்கவில்லை. முக்காட்டுக்குள் தெரியாதுதானே.

ஏற்றும் மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். பவானி மிஸ் அதை ஊசியால் மெதுவாக ஏற்றும்போது பக்கத்திலேயே கதிரை போட்டு இருப்பார். "கை எரிஞ்சா உடன சொல்லணும். சும்மா தைரியசாலி மாதிரி இருக்கக்கூடாது."

"என்னப் பாத்து அப்பிடிச் சொல்லுறீங்களே மிஸ். நான் எரியாட்டியும் சொல்லுவன்."

முதல் மருந்துக்குப் பிறகு சத்தி, சாப்பிட்டதெல்லாம் வெளியே. இரண்டாவதுக்குப் பிறகு வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடித்தாலும் மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. சோறு இறங்கவில்லை, பாண் இறங்கவில்லை. அப்போதுதான் தயிர் ஆசை வந்தது. எங்கள் வீட்டில் தயிர் உறைகிற அறை என் படுக்கையறைக்கு அடுத்தது. விடியப்புறம் அந்த இளம்புளிப்பு வாசம் சுவருக்குள்ளால் வரும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு அது வாசமாகத் தெரிந்ததே இல்லை. இப்போது தலைகாணியில் வாயை அமுக்கிக்கொண்டு கிடந்தேன்.

அந்த நேரம் கட்டாரில் இருக்கிற என் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு போத்தல் குளிசை. போனிலும் பேசினான். "ராத்தா, இது தயிர்ல இரிக்கிற நல்ல கிருமிதான், காயவெச்சுக் குளிசையாக்கினது. அன்டிஒக்சிடன்ட் இரிக்காம். உடம்புத் துருவ எடுக்குமாம். இஞ்ச எல்லாரும் குடிக்கிறாங்க." விலையை அவன் சொல்லவில்லை. அவனுடைய சம்பளம் எனக்குத் தெரியும். அதனால் மனம் இன்னும் பாரமாகிவிட்டது.

ஷிபானா போத்தலை வாங்கி வாசித்தாள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒட்சியேற்ற எதிரி என்று பெயர் என்றாள். "டொக்டரக் கேக்காமத் தர மாட்டன் உம்மா" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆனால் மதினியின் போனுக்கும் அதே மாதிரி ஒரு வீடியோ வந்திருந்தது. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் தயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாராம். நல்ல கிருமி, உடம்புத் துரு, புற்றுநோய், எல்லாம் சொன்னாராம். மதினி இரண்டு நாள் யோசித்திருக்கிறார். டொக்டர் வேண்டாம் என்றது குளிருக்காகத்தான் என்று அவருடைய மனம் முடிவு கட்டிவிட்டது. குளிரை எடுத்துவிட்டால் சரி. ஆனால் கொதிக்க வைத்தால் நல்ல கிருமி செத்துவிடும், பிறகு என்ன பிரயோசனம்? அதனால் ஒரு கோப்பைத் தயிரைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்து, சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இதமாக்கி எடுத்து வந்தார்.

"என்ன மதினி இது?"

"சூடாக்கினது புள்ள. குடி."

"நல்லாச் சுட்டதா?"

"ஓம்."

"கிருமி ஒண்டும் இல்லையே?"

"சூடாக்கினதெண்டு சொல்லுறன். வாயத் திற."

நான் நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் அதே பதில். வாய்ப்புண்ணில் அது பட்டபோது கிடைத்த சுகத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. என் கணவர் பட்டியில், ஷிபானா வகுப்பில். தினமும் பத்து மணிக்கு மதினி வருவார், ஒரு கோப்பை. எனக்கு ஊட்டிவிட்டு, முகத்தைத் துடைத்து, முடி போன தலையில் நல்லெண்ணெய் தடவிவிட்டுப் போவார். என் சொந்த உம்மா உயிரோடு இருந்திருந்தாலும் அதைவிட அன்பாகச் செய்திருக்க மாட்டார்.

காய்ச்சல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. குளிர் எடுத்து நடுங்கினேன். கட்டில் ஆடியது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்கக்கூடாது, காய்ச்சல் குளிசை போட்டு அமத்தவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் ஜும்ஆவுக்குப் போன சட்டையோடு வேனைக் கூட்டி வந்தார். ஏறாவூர் தாண்டும்போது நான் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன். ஷிபானா என் கையைப் பிடித்து அமத்தினாள். "உம்மா, சேலைன் ஏத்தத்தான் போறம். வேற எங்கயும் போகல்ல."

என்னைத் தனி அறையில் போட்டார்கள். இரண்டு கையிலும் ஊசி. ஒரு போத்தல் இரத்தத்தைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க எடுத்துப் போனார்கள். வெள்ளணு எண்ணிக்கை வந்தது. இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு வந்தார்கள். அவர்களுடைய கண்களை மட்டும் பார்த்து நான் சாகப்போகிறேனா இல்லையா என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

டொக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கணவரும் மதினியும் கதவோரம். "இந்தக் கிழமை என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்டும் மறைக்காமச் சொல்லணும்."

நான் சொல்ல வாயெடுக்க முந்தி மதினி சொல்லிவிட்டார். "தயிர் குடுத்தனான் டொக்டர். சூடாக்கித்தான் குடுத்த."

"எவ்வளவு சூடு?"

"கை வெக்கக்கூடிய சூடு. நான் விரல விட்டுப் பாத்துத்தான் எடுத்த."

என் கணவர் திரும்பி மதினியைப் பார்த்தார். "எந்த விரல்?"

"சுண்டுவிரல்."

"ராத்தா," என்றார் அவர், "அது உறை ஊத்துற சூடெல்லோ."

மதினி தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வயதிலிருந்து பால் காய்ச்சி ஆறவைத்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, சரியான பதத்தில் உறைமோர் ஊற்றிய கை. அந்த விரலுக்கு வேறு சூடு தெரியாது. கிருமிக்கு எந்தச் சூடு பிடிக்குமோ, எந்தச் சூட்டில் அது பெருகுமோ, சரியாக அந்தச் சூட்டில் எடுத்து எனக்கு ஊட்டியிருக்கிறார்.

"பட்டிக்குக் காவல் நாய் இல்லாத நேரத்தில படலையத் திறந்து விட்ட மாதிரி ஆச்சு" என்றார் என் கணவர். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டொக்டர் திட்டவில்லை. தயிரால்தான் காய்ச்சல் என்று சொல்ல முடியாது என்றார். அநேகமான நேரம் இந்தக் காய்ச்சலுக்கு எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாதாம். நம்முடைய வயிற்றுக்குள் இருக்கிற கிருமியே செய்யுமாம். இரண்டு நாள் கழித்து அந்த இரத்தப் போத்தலிலும் ஒன்றும் வளரவில்லை. அதைக் கேட்டு மதினி ஓரளவு மூச்சு விட்டார். என்னைப் போன்றவளுக்கு அது இன்னும் மோசம். காரணம் தெரிந்தால் அதைத் தள்ளி வைக்கலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

ஷிபானா தம்பி அனுப்பிய குளிசைப் போத்தலையும் கொண்டுவந்து டொக்டரிடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்கட வீட்டுக் கேட் இரும்பா அம்மா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"துருப்பிடிக்குதா?"

"உப்புக்காத்துத்தானே. ஒவ்வொரு நோம்புக்கும் பெயின்ற் அடிக்கிற."

"உடம்புக்குள்ளயும் அப்பிடி ஒரு துரு நடக்குது. மூச்சு விடுறம், சாப்பிடுறம், அதில வாற ஒரு கழிவு செல்லுகள அரிக்கும். அதத் தடுக்கிற சாமானுக்குத்தான் அந்தப் பேரு. தயிர்க் கிருமி சிலது அந்தத் துருவத் தடுக்குது எண்டு கண்ணாடிக் குழாயில பாத்திருக்கிறாங்க. பொய் இல்ல. சுகமான ஆக்கள் தயிர் சாப்பிடட்டும், நல்லது. ஆனா குழாய்க்குள்ள நடக்கிறது எல்லாம் வயித்துக்குள்ள அப்பிடியே நடக்கும் எண்டு ஆரும் சொல்ல ஏலாது. புற்றுநோயை மாத்தும் எண்டு சொன்னா அது பொய்."

"அப்ப இந்தக் குளிசை?"

"உங்களுக்கு ஏத்துற சிவப்பு மருந்து இருக்கெல்லோ, அது வேலை செய்யிற வழியில ஒண்டு, கெட்ட செல்லுக்குள்ள அந்தத் துருவ உண்டாக்கிறது. நாங்க துருப்பிடிக்க வெக்கிறம், நீங்க பெயின்ற் அடிச்சா?"

இது எனக்கு நன்றாக விளங்கியது. இத்தனை மாதத்தில் எனக்கு விளங்கிய முதல் விசயம் அதுதான் என்று சொல்வேன். போத்தலைத் திருப்பித் தந்து, மருந்து முடிகிற வரைக்கும் திறக்க வேண்டாம் என்றார்.

மூன்றாவது மருந்து பிந்திவிட்டது. வெள்ளணுவைக் கூட்டுகிற ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் அந்த ஊசி அப்போது கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்க வேண்டி வந்தது. என் கணவர் இரண்டு கன்றுக்குட்டிகளை விற்றார். விற்றதை எனக்குச் சொல்லவில்லை. பட்டிக்காரப் பையன் போனில் உளறித்தான் தெரியும்.

தனி அறையில் கிடந்த அந்த நாட்களில் யன்னலால் வாவி தெரியும். மத்தியானத்தில் அது ஈயம் மாதிரிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் எனக்குள் ஒரு முடிவெடுத்தேன். பயம் என்னை விட்டுப் போகாது. போகாததை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்? வேலைக்கு விடுவோம். கொதிக்காத எதுவும் என் வாய்க்குள் போகாது. கை கழுவாத ஆரும் என் அறைக்குள் வர முடியாது. அது ஆராக இருந்தாலும், எவ்வளவு அன்போடு வந்தாலும்.

வீட்டுக்கு வந்தபோது தயிர் அறை காலியாக இருந்தது. கணவர் அடுப்பு, சட்டி, பலகை எல்லாவற்றையும் மதினியின் வளவுக்கு மாற்றியிருந்தார். அங்கே வேலை முடித்துக் குளித்து, சாரன் மாற்றித்தான் என் அறைப் பக்கம் வருவார். வாசம் இல்லாத அந்த வீடு எனக்கு வேறு ஆருடைய வீடோ போல இருந்தது.

மதினி வரவில்லை. ஷிபானாவை அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ளுக்கு வாங்க மதினி."

"நான் வந்து ஒண்ணத் தொட்டா அதும் கெட்டுப்போகும்."

"கைய சோப் போட்டுக் கழுவிட்டு வந்து தொடுங்க. எனக்குக் கஞ்சி காய்ச்சித் தர ஆள் வேணும். கொதிக்க வெக்கணும். விரல் விட்டுப் பாக்க ஏலாத சூடு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "விரல் வெந்தாலும் பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனார். அதன்பிறகு அவர் கொதிக்க வைக்காமல் தந்தது எதுவும் இல்லை. வாழைப்பழத்தையும் அவிக்கவா என்று கேட்டார்.

ஆனால் ஊருக்குள் வேறு கதை போய்விட்டது. தயிர்க்காரரின் மனைவி காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், டொக்டர் தயிரைத் தொடாதே என்றாராம், உடனே தயிர்ச் சாமானெல்லாம் வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. நாங்கள் சொன்னது சீனி வருத்தம். சீனிக்காரிக்குத் தயிர் ஏன் ஆகாது? அப்போது தயிரில்தான் பிழை. கடைகளிலிருந்து சட்டிகள் விற்காமல் திரும்பி வரத் தொடங்கின. அதுவும் எனக்கு ஆரும் சொல்லவில்லை. கணவர் மத்தியானத்திலேயே வீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"ஒண்டுமில்ல. வெயில் கூட."

"இஞ்சாருங்க, என்னோட பொய் பறையாதீங்க. நான் நினைக்கிறதவிட உண்மை சின்னதாத்தான் இரிக்கும்."

அவர் சொன்னார். பஸ் நிற்கிற இடத்தில் கடை வைத்திருக்கிற ஜெமீலாதான் எங்களிடம் மிக அதிகமாக எடுப்பவர். அவரும் பாதியாகக் குறைத்துவிட்டாராம்.

நாலாவது மருந்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஜெமீலாவே வந்தார். கூட இரண்டு பெண்கள். நான் விறாந்தையில் தள்ளிக் கதிரை போட்டு முகக்கவசத்தோடு இருந்தேன். நலம் விசாரித்தார்கள். பிறகு ஜெமீலா பையைத் திறந்து ஒரு சட்டியையும் ஒரு கரண்டியையும் எடுத்து வைத்தார். எங்கள் சட்டி. எங்கள் தயிர்.

"கோவிக்கக்கூடாது சுலைஹா. நான் உங்கட நன்மைக்குத்தான் வந்த. ஊரில பறையிற கதை உங்களுக்குத் தெரியும். நீங்க எங்கட கண்ணுக்கு முன்னால ஒரு கரண்டி தின்னுங்க. நாங்க மூணு பேரும் போய்ச் சொல்லுறம். நாளைக்கே யாவாரம் நிமிரும்."

என் கணவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி குசினிக் கதவில். ஒரு கரண்டி. மூன்றாவது மருந்துக்குப் பிறகு என் எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு கரண்டியால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். கரண்டியைத் தொடாவிட்டால் என் கணவருடைய தயிர் யாவாரம் போய்விடும். நான் சீனியையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடும்.

நான் ஷிபானாவைப் பார்த்தேன். அவளுக்குத்தான் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு, சொல்லுங்க என்பது போல தலையை மெதுவாக ஆட்டினாள்.

முக்காட்டைக் கழற்றினேன். தலை மொட்டையாக இருந்தது.

"எனக்குச் சீனி இல்ல ஜெமீலா. கான்சர். மார்ப எடுத்திட்டாங்க. மருந்து ஏத்துறாங்க. மருந்து ஏறினா உடம்பில கிருமியோட சண்டை பிடிக்கிற சத்து இல்ல. அதனால நல்ல தயிரா இரிந்தாலும் எனக்கு ஏலாது. நல்ல தயிர் எண்டதாலதான் ஏலாது. நீங்க மூணு பேரும் சுகமான ஆக்கள். என்ட முன்னுக்கு இருந்து நீங்க தின்னுங்க. நான் பாக்கிறன்."

ஒரு பெண் எழும்பிப் போவதற்கு எத்தனித்தார். ஜெமீலா கரண்டியை எடுத்து, சட்டியில் விட்டு, ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய். பிறகு கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்கட உம்மாவுக்கும் இதுதான். நாங்களும் சீனி எண்டுதான் சொன்ன. உம்மா இறந்த மையத்து வீட்டிலயும் சீனி எண்டுதான் சொன்ன."

மதினி வந்து என் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுவிட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. உண்மையைச் சொல்லும்போது பயம் போய்விடும் என்று ஆராவது சொன்னால் நம்பாதீர்கள். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு ஒரு முறை போன் எடுத்து என் சுகம் விசாரித்தார்கள். மறுகா எடுக்கவில்லை. "போகட்டும் உம்மா" என்றாள் ஷிபானா. அன்று முழுவதும் அவள் ஆரோடும் பேசவில்லை. அந்தக் கடன் எனக்கும் அவளுக்கும் இடையில் கிடக்கிறது. அவள் கேட்க மாட்டாள், நான் மறக்க மாட்டேன்.

தயிர் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. நாலாவது மருந்து சொன்ன நாளில் ஏறியது. ஐந்தாவதும். மாங்கேணி அக்காவுக்கு மருந்து முடிந்துவிட்டது. எனக்கு முந்தின கட்டிலைக் காலி செய்து போகும்போது, "நான் பயப்பிடாமலே முடிச்சிட்டன், நீ பயந்து பயந்து முடி. எப்பிடியாவது முடி" என்றார்.

நேற்று ஆறாவது மருந்துக்கான இரத்தம் கொடுத்தேன். இன்று காலையில் பவானி மிஸ் போன் எடுத்தார். எண்ணிக்கை போதுமாம். நாளைக்கு வரச் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. ஜெமீலா. இந்த முறை தனியாக வந்தார். கையில் பை இல்லை.

"நாளைக்குத்தானே உங்கட வேன்?"

"ஓம்."

"ஒரு ஆளுக்கு இடம் இரிக்குமா?"

"ஆருக்கு?"

அவர் அபாயாவுக்கு மேலால் வலது கையை இடது மார்பின் ஓரம், கமக்கட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "நோகல்ல. சும்மா காட்டிட்டு வருவமெண்டு."

எத்தனை நாளாக என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. விடியப்புறம் சுபஹு தொழுத கையோடு வேன் வரும் என்றேன். முதலில் என்னோடு இருக்கலாம், பிறகு ஷிபானா கூட்டிப்போய் நம்பர் எடுத்துத் தருவாள் என்றேன். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்று உள்ளே போட்டுக்கொண்டு வரவேண்டும், அப்போதுதான் அங்கே கழற்றி மாற்றக் கஷ்டப்படத் தேவையில்லை என்றேன். அவரிடம் அப்படி ஒன்று இல்லை. என்னுடையதில் ஒன்றை மடித்துக் கொடுத்தேன்.